கைதட்டல் நிற்கும்வரை

இது நடந்தது. கேட்டுவிட்டு நீங்கள் சிரிக்கலாம். ஆனால் அன்றைக்கு அந்த ஹாலில் என்னோடு இருந்த யாரும் இன்றுவரை இதைச் சொல்லிச் சிரித்ததில்லை.

ராத்திரி இல்லை. சுடுகாடு இல்லை. நாய் ஊளையிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். மேசைமேல் உருளைக்கிழங்கு சாலட். பச்சை ஜெல்லி, அதற்குள் துருவிய கேரட். இப்படிப்பட்ட இடத்துக்குப் பேய் வருமா என்று கேட்டால் வராது என்றுதான் நானும் சொல்லியிருப்பேன். நான் குடித்திருக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். டாக்டர் சொல்லி நிறுத்திப் பல காலம் ஆகியிருந்தது. அந்த ரசிகர் கும்பலோடு ஒரு பிற்பகலைக் குடிக்காமல் கழிப்பது பேயைப் பார்ப்பதைவிடக் கஷ்டம். அன்றைக்கு எனக்கு இரண்டும் வாய்த்தது.

என் பெயர் எமில். ஒஹையோ ஆற்றங்கரையில் எங்கள் ஊர். இரும்பு மில் மூடியபோது பாதி ஊர் தெற்கே போய்விட்டது. நான் போகவில்லை. ஸ்லோவாக்கியர் சங்கத்து ஹாலைப் பார்த்துக்கொள்கிற வேலை கிடைத்தது. கூட்டுவது, நாற்காலி போடுவது, ஹாலைச் சூடாக்கும் பழைய கொதிகலனைத் தட்டித் தட்டி எழுப்புவது, கழிவறை அடைத்தால் குத்திவிடுவது எல்லாம் நான். கல்யாணம், பிங்கோ, சாவு விருந்து, எதுவானாலும் எமிலைக் கூப்பிடு.

வருடத்துக்கு ஒருமுறை, பிப்ரவரியில், டென்னி மார்ஸ்கோ ரசிகர் மன்றம்.

டென்னி மார்ஸ்கோ யாரென்று தெரியாவிட்டால் உங்களுக்கு ஒன்றும் நஷ்டமில்லை. எங்கள் ஊர்க்காரன். அடுத்த தெரு. அப்பன் மில்லில் கரி அள்ளினான், மகன் தலையைப் பளபளவென்று வாரிக்கொண்டு பாட்டுப் பாடினான். நியூயார்க் போனான். இரண்டு மூன்று இசைத்தட்டு ஓடியது. அப்புறம் கப்பலில் பாடினான், சூதாட்ட விடுதியில் பாடினான், வயதானதும் போக்கிடம் இல்லாமல் ஊருக்கே வந்து சேர்ந்தான். குரல் சுமார். டை நல்ல டை.

ஆனால் ஒருமுறை அவன் டிவியில் வந்தான். கறுப்பு வெள்ளைக் காலம். சனிக்கிழமை மாலை நாடே பார்க்கிற நிகழ்ச்சி. ஒரு பாட்டுப் பாடினான். கூட்டம் கை தட்டியது. தட்டிக்கொண்டே இருந்தது. நிகழ்ச்சி நடத்துகிறவன் கடிகாரத்தைக் காட்டி, போ போ என்று சைகை செய்கிறான். டென்னி நகரவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "ஒரே ஒரு ஜோடி கை தட்டிக்கிட்டு இருந்தாலும் நான் மேடையை விட்டு எறங்க மாட்டேன்." சொல்லிவிட்டுக் கடைசிச் சரணத்தை மறுபடி பாடினான்.

அவ்வளவுதான். அந்தச் சில நிமிடம்தான் அவன் வாழ்க்கை. அந்த வாக்கியத்தை மன்றத்தார் காபிக் கோப்பையில் அச்சடித்திருக்கிறார்கள். தலையணை உறையில் நூலால் தைத்திருக்கிறார்கள். ஒருத்தி தன் கல்லறைக்குக் கல் வாங்கி, உயிரோடு இருக்கும்போதே அதில் வெட்டி வைத்திருக்கிறாள்.

அந்த நிகழ்ச்சியின் டேப்பைப் போட்டுப் பார்ப்பதற்குத்தான் கூடுவார்கள். பாட்டு முடிந்ததும் டிவிக்குள் இருக்கிற கூட்டம் தட்டும். இங்கே உட்கார்ந்திருக்கிற கூட்டமும் தட்டும். டேப்பைக் கடைசிச் சரணத்துக்குப் பின்னோக்கி ஓட்ட வேண்டும். அது ஓடி முடிகிறவரை இவர்கள் கை ஓயாமல் இருந்தால், டென்னி திரும்பி வந்து பாடியதாகக் கணக்கு. அதற்கு 'எழுப்புவது' என்று பெயர் வைத்திருந்தார்கள். கை ஓய்ந்தால் முடிந்தது. விளக்கைப் போடுவேன், விருந்துக்கு வைத்த பன்றி ஹாமை வெட்டுவார்கள். இரண்டு முறைக்கு மேல் எழுப்பியதில்லை. எல்லாருக்கும் மூட்டுவலி.

மன்றத்தின் தலைவி டோரீன் ஹட்சின்ஸ். சிகை அலங்காரக் கடை வைத்திருந்தவள். தலைமுடியைத் தேன்கூடு மாதிரி உயர்த்திக் கட்டுவாள், கை நிறைய வளையல் போடுவாள், நடந்தால் பாத்திரக்கடை நடப்பது போல இருக்கும். அவள் புருஷன் ஃப்ளாய்ட் செயலாளர். டென்னியின் டையைப் பற்றி மட்டுமே அரைமணி நேரம் பேசக்கூடியவன். சாம்பல் நிறமா, வெளிர்நீலமா என்று பல வருடமாக ஆராய்ச்சி. கறுப்பு வெள்ளைப் படத்தில்!

அன்றைக்குக் காலையிலிருந்து பனிமழை. மரம், கம்பி, படிக்கட்டு எல்லாவற்றின்மேலும் கண்ணாடி மாதிரிப் பனிக்கட்டி. பாதிப்பேர் வரமாட்டார்கள் என்று சந்தோஷப்பட்டேன். இருபது பேர் வந்துவிட்டார்கள். தடி ஊன்றிக்கொண்டு, ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு. மாதாகோயிலுக்கு வரச் சொன்னால் இடுப்பு வலிக்கும் இவர்களுக்கு.

காபி ஊற்றிக்கொண்டே வழக்கமான பேச்சு.

"இப்ப பாடுறவனுங்க எல்லாம் மெஷின்ல பாடுறானுங்க."

"டென்னிக்குப் பின்னாடி நாப்பது பேர் ஆடுனாங்களா? நின்னாரு. பாடுனாரு. நாடே அழுதுச்சு."

"அந்த மூணாவது வரியில ஒரு மூச்சு விடுவாரு பாருங்க..." இது மார்ஜ் என்கிற கிழவி. "அந்த மூச்சுக்காகவே என் புருஷனை விட்டுட்டு ஓடியிருப்பேன்."

"உன் புருஷன் செத்து எத்தனையோ வருஷம் ஆச்சே மார்ஜ்."

"அதனாலதான் தைரியமாச் சொல்றேன்."

மூச்சு விட்டதற்குப் பாராட்டு. என் அப்பா உலைக்கு முன்னால் நின்று ஆயுசு முழுக்க மூச்சு விட்டார். எந்தக் கோப்பையிலும் அச்சடிக்கவில்லை.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் வெளிக்கதவு திறந்தது. இர்மா.

இர்மா டென்னியின் தங்கை. எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அண்ணன் ஊர் ஊராகப் பாடித் திரிந்தபோது அப்பன் ஆத்தாளைப் பார்த்துக்கொண்டவள். இரண்டு வருடத்துக்கு முன்னால் டென்னிக்குப் பக்கவாதம் வந்து பேச்சும் நடையும் போனபோது, மலைமேல் இருக்கிற முதியோர் இல்லத்தில் சேர்த்துத் தினமும் போய் வாயில் கஞ்சி ஊட்டுகிறவளும் அவள்தான். கோட்டில் பனிக்கட்டி ஒட்டியிருந்தது. முகம் வெளுத்திருந்தது.

"டோரீன்... அண்ணனுக்கு இன்னிக்கோ நாளைக்கோன்னு டாக்டர் சொல்லிட்டாரு. காலையில பாதிரியார் வந்து கடைசி எண்ணெய் பூசிட்டுப் போயிட்டாரு."

ஹால் முழுக்க ஐயோ ஐயோ என்றது. மார்ஜ் கைக்குட்டையைத் தேடினாள்.

"உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்க வந்தேன். டேப்பைப் பாருங்க. அழுங்க. என்ன வேணா பண்ணுங்க. கை மட்டும் தட்டாதீங்க."

"என்ன சொல்றே நீ?" என்றாள் டோரீன்.

"போன வருஷம் நீங்க இங்க கூடுன அன்னிக்கு, இதே நேரத்துக்கு, அவன் கட்டில்ல எழுந்து உக்காந்தான். ஒரு வருஷமா அசையாதவன். காலைத் தொங்கப் போட்டுச் செருப்பைத் தேடுறான். ரெண்டு நர்ஸ் பிடிச்சுப் படுக்க வச்சாங்க. கொஞ்ச நேரத்துல மறுபடி எழுந்துட்டான். மொத்தம் ரெண்டு தடவை. நீங்க அன்னிக்கு எத்தனை தடவை எழுப்புனீங்க?"

ஃப்ளாய்ட் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "ரெண்டு."

"இப்ப அவன் உடம்புல ஒண்ணுமே மிச்சமில்ல. போகணும்னு கெடக்கான். கை தட்டுற சத்தம் இருந்தா அவன் போகமாட்டான். உங்களுக்குத் தெரியாதா? கோப்பையில எல்லாம் போட்டு வச்சிருக்கீங்களே!"

இங்கேதான் ஒன்று நடந்தது. வேறு எந்த மனிதக் கூட்டமாக இருந்தாலும் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குப் போயிருக்கும். டோரீன் ஹட்சின்ஸின் முகம் மலர்ந்தது. மலர்ந்தே விட்டது. கிறிஸ்துமஸ் விளக்கு மாதிரி.

"கேட்டீங்களா எல்லாரும்? நாமதான்! நாமதான் அவரை உயிரோட வச்சிருக்கோம்!"

"டோரீன்..."

"இர்மா, கண்ணு, நீ பயப்படாதே. இன்னிக்கு ரெண்டோட நிறுத்த மாட்டோம். கை கழண்டு விழுந்தாலும் சரி."

"நீ மனுஷியாடி?"

"நான் ரசிகை" என்றாள் டோரீன். பெருமையாக.

மற்றவர்கள் தலையாட்டினார்கள். ஒருத்தர்கூட, ஒரே ஒருத்தர்கூட, இர்மாவின் பக்கம் திரும்பவில்லை.

இர்மாவை வாசல்வரை கொண்டுபோய் விட்டேன்.

"எமில், மெஷின் உன் பொறுப்புதானே?"

"இர்மா, அது ஒரு பழைய டேப். அதுக்கும் மலைமேல கெடக்கறவனுக்கும் என்ன சம்பந்தம்?"

"சம்பந்தம் இல்லேன்னா நிறுத்தறதுல உனக்கு என்ன கஷ்டம்?"

"சரி. ரெண்டு தடவை. அதுக்கு மேல போனா நானே நிறுத்திடறேன். நீ பாத்துப் போ."

சுவரைப் பிடித்துக்கொண்டு, பனிக்கட்டியில் வழுக்கி வழுக்கிப் போனாள். நான் அப்போதும் எதையும் நம்பவில்லை. இந்தப் பைத்தியம் ரசிகர்களுக்கு மட்டுமல்ல, குடும்பத்துக்கே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளே வந்தால் ரிமோட் டோரீன் கையில்.

"இன்னிக்கு நான் பாத்துக்கறேன் எமில். நீ போய்ப் பின்னாடி உக்காரு."

திரைச்சீலைகளை இழுத்து மூடினேன். விளக்குகளை அணைத்தேன். மேடைக்கு முன்னால் சக்கர மேசையில் டிவி. அதற்குப் பின்னால் சுவரில் பிளக். ஐந்து வரிசை மடக்கு நாற்காலி, நடுவில் நடைவழி. நான் கடைசியில், கொதிகலன் அறைக் கதவுக்குப் பக்கத்தில்.

டேப் ஓடியது. ஒரு மணி நேர நிகழ்ச்சி, கடைசியில்தான் டென்னி. கருத்த தலைமுடி, பளிச்சென்ற பல், டை. டென்னி பாடினான். எத்தனையோ வருடமாகப் பார்த்த அதே பாட்டு. அதே மூச்சு. மார்ஜ் அதே இடத்தில் அழுதாள். முடிந்தது. டிவிக்குள் கைதட்டல். ஹாலில் கைதட்டல்.

கிர்ர்ர்ர்... டேப் பின்னோக்கி ஓடியது.

முதல் எழுப்பல். கடைசிச் சரணம். எல்லாம் சரியாகவே இருந்தது.

கைதட்டல். கிர்ர்ர்ர்...

இரண்டாவது எழுப்பல். டென்னி பாடினான். ஏதோ ஒன்று உறுத்தியது. என்னவென்று பிடிபடவில்லை.

ஃப்ளாய்டுக்குப் பிடிபட்டது. "டோரீன்... டை..."

"உஷ்!"

"டையோட முடிச்சு கீழ எறங்கியிருக்குடி. எப்பவும் கழுத்தோட ஒட்டி இருக்கும். நான் எத்தனை தடவை..."

"பேசாம தட்டுய்யா!"

நான் எழுந்து பார்த்தேன். டை தளர்ந்திருந்தது. நாள் முழுக்க வேலை பார்த்தவன் தளர்த்திக்கொள்கிற மாதிரி.

டேப்பில் இருப்பது மாறாது. என்னைப் போன்ற மரமண்டைக்கும் அது தெரியும்.

"ரெண்டு ஆச்சு. போதும்" என்றேன் சத்தமாக. "விளக்கைப் போடறேன்."

"போட்ட, உன் வேலை போயிடும்!" திரும்பாமலே கத்தினாள் டோரீன். வளையல்கள் குலுங்கின. கைகள் ஓயவில்லை.

கிர்ர்ர்ர்...

மூன்றாவது. வியர்வை. நெற்றியிலிருந்து தாடைவரை கோடு கோடாக. வாத்தியக்காரர்களின் சத்தம் குறைந்திருந்தது. ஓரத்தில் நின்று கடிகாரத்தைக் காட்டுகிற ஆளைக் காணோம். அந்த இடம் காலி.

"என்ன உணர்ச்சி பாருங்க!" என்றாள் ஒருத்தி.

"வேர்வையிலகூட அழகா இருக்காரு!"

இவர்களுக்குக் கண் எதற்கு?

கிர்ர்ர்ர்...

நான்காவது.

வாத்தியமே இல்லை. டிவிக்குள் கைதட்டலும் இல்லை. வெறும் குரல் மட்டும். அதுவும் கம்மியிருந்தது. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் நீளமான இடைவெளி. காதோரம் முடி வெளுத்திருந்தது. கன்னம் உள்ளே போயிருந்தது. மைக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அதன்மேல் சாய்ந்து நின்றான்.

கேமரா மெதுவாகக் கீழே இறங்கியது. அந்த நிகழ்ச்சியில் கேமரா அப்படி இறங்கவே இறங்காது.

காலில் ஷூ இல்லை.

ஆஸ்பத்திரிச் செருப்பு.

மார்ஜ் தட்டுவதை நிறுத்தினாள். "எனக்கு... எனக்கு இது பிடிக்கல..."

பக்கத்தில் இருந்தவளும் நிறுத்தினாள். ஒவ்வொருவராகக் கை ஓய்ந்தது. டோரீன் மட்டும் தட்டிக்கொண்டிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு, புன்னகையோடு. தப். தப். தப். தப்.

கிர்ர்ர்ர்...

ஐந்தாவது.

அவன் பாடவில்லை.

வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. கண்கள் மட்டும் நகர்ந்தன. முதல் வரிசை... இரண்டாவது வரிசை... மூன்றாவது... ஒவ்வொரு முகமாக.

யாருடைய கை என்று தேடினான்.

நான் முன்னால் நடந்தேன். நடைவழியில் நேராக. அவன் கண் என்மேல் வந்து நின்றது. நான் டிவியைப் பார்க்காமல், சுவரோரமாகக் குனிந்து, பிளக்கைப் பிடுங்கினேன்.

படக்.

கும்மிருட்டு.

டோரீனின் கைதட்டலும் நின்றது.

வெளியே பனிமழை கண்ணாடியில் சுரண்டுகிற சத்தம். உள்ளே கொதிகலன் ஒருமுறை முனகியது.

அப்புறம்...

தப்.

தப்.

தப்.

கடைசி வரிசையிலிருந்து. நான் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து. மெதுவாக. ஈரமான கை தட்டுகிற மாதிரி.

கோபம் வந்தது எனக்கு. பயம் அப்புறம்தான். டோரீன்தான், இருட்டில் எழுந்து பின்னால் போய்விட்டாள், பிசாசு, சாகிறவரை விடமாட்டாள் என்று நினைத்தேன். நாற்காலிகளைத் தடவித் தடவி நடந்தேன்.

தப்.

தப்.

பக்கத்தில் வந்துவிட்டேன். கையை நீட்டினேன். கைக்கு ஒன்றாக இரண்டு மணிக்கட்டையும் பிடித்தேன்.

சில்லென்று இருந்தது.

டோரீனின் கை சதைப்பற்றான கை. இது எலும்பு. வளையல் இல்லை. என் உள்ளங்கையில் ஏதோ உறுத்தியது. மெல்லிய பிளாஸ்டிக் பட்டை. ஆஸ்பத்திரியில் பெயர் எழுதிக் கட்டுவார்களே, அது.

அந்தக் கைகள் என் பிடிக்குள் துடித்தன. ஒன்றோடொன்று சேரப் பார்த்தன. இன்னொரு முறை தட்டப் பார்த்தன. எவ்வளவு பலம்! நான் இரும்பு தூக்கியவன். என் முழுப் பலத்தையும் போட்டு இறுக்கினேன்.

"போதும்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "போதும்ய்யா... போ."

அப்போது முன் வரிசையிலிருந்து டோரீனின் குரல். அழுகிற குரல்.

"எமில்... யாரு தட்டுறது? நான் இங்க இருக்கேன்..."

என் பிடிக்குள் கைகள் தளர்ந்தன.

ஒரு மூச்சு. என் முகத்துக்கு நேராக. நீளமாக.

யாரோ விளக்கைப் போட்டார்கள். ஃப்ளாய்ட்.

என் இரண்டு கைகளும் காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தன. எதிரே காலி நாற்காலி.

ஹாமை யாரும் வெட்டவில்லை. ஜெல்லி அப்படியே இருந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியேறினார்கள். டோரீனை ஃப்ளாய்ட் தோளில் சாய்த்துக் கூட்டிப் போனான். அவள் உள்ளங்கை இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. வாசலில் என்னைப் பார்த்து, "நீ நிறுத்தியிருக்கக் கூடாது" என்றாள். அந்த நிலைமையிலும்.

பனிக்கட்டியின் கனத்தில் டெலிபோன் கம்பிகள் அறுந்திருந்தன. மறுநாள்தான் மலைமேல் போக முடிந்தது. இர்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கட்டில் காலி.

"நாலரை மணிக்குப் போயிட்டான்" என்றாள். "நான் பக்கத்துலயே இருந்தேன். நர்ஸும் இருந்தா. எழுந்திரிக்கல, ஒண்ணும் பண்ணல. கையைப் போர்வைக்குள்ள வச்சுக்கிட்டு மரக்கட்டை மாதிரிக் கெடந்தான். கடைசியில ஒரே ஒரு மூச்சு. பெருசா. அவ்வளவுதான்." என் பக்கம் திரும்பிக் கேட்டாள். "நீ நிறுத்திட்டியா?"

"நிறுத்திட்டேன்."

"நல்லா இருப்ப."

இருட்டில் என் கையில் அகப்பட்டதை அவளிடம் சொல்லவில்லை. நாலரை மணிக்குத்தான் ஃப்ளாய்ட் விளக்கைப் போட்டான். சுவர்க்கடிகாரத்தை அப்போது பார்த்தது நினைவிருக்கிறது. அதையும் சொல்லவில்லை.

புதன்கிழமைக்குள் மன்றத்தார் தேறிவிட்டார்கள். டென்னி தங்களை ஆசீர்வதிக்க நேரில் வந்தார் என்று பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள். டோரீன் புதுக் கோப்பைக்குச் சொல்லிவிட்டாள். அந்தக் கூட்டத்துக்கு எதைக் காட்டியும் புத்தி வராது. பேயைக் காட்டினாலும் அதற்கும் ஒரு கோப்பை.

வியாழக்கிழமை பிரேதத்தைப் பார்வைக்கு வைப்பதாக இருந்தது. அடக்க வேலை செய்கிற ஆல்வின் நாற்காலி போதவில்லை என்று ஹாலிலிருந்து கொண்டுவரச் சொன்னான். கொண்டுபோனேன். ஆல்வின் என்னோடு மில்லில் இருந்தவனின் மகன். அதிகம் பேசாதவன். அன்றைக்குப் பின்னறைக் கதவைத் திறந்து, "எமில் மாமா, கொஞ்சம் உள்ள வாங்க" என்றான்.

டென்னி பெட்டிக்குள் கிடந்தான். நல்ல கோட்டு. தலையை அந்தக் காலம் மாதிரியே வாரியிருந்தார்கள். முகம் அமைதியாகத்தான் இருந்தது.

"இல்லத்துல இவரைக் கட்டிப் போட்டிருப்பாங்களா?" என்றான் ஆல்வின்.

"இல்லப்பா. இர்மா கூடவே இருந்தாளே. ஏன்?"

கோட்டுக் கையை மேலே ஏற்றிக் காட்டினான்.

இரண்டு மணிக்கட்டிலும் கன்றிப்போன தடம். கருநீலமாக. யாரோ முழுப் பலத்தோடு பிடித்து இறுக்கிய தடம். உள்ளங்கைகள் சிவந்து, தோல் உரிந்திருந்தன. மணிக்கணக்காகத் தட்டியவன் கை மாதிரி.

"எத்தனையோ பேரைப் பாத்துட்டேன். இப்படிப் பாத்ததில்ல" என்றான். "கயிறு இல்ல. கைதான். வலது மணிக்கட்டுல பாருங்க, நாலு விரல், ஒரு கட்டைவிரல். தெளிவா இருக்கு. ஆனா இடதுல..."

குனிந்து விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினான்.

"இடதுல மூணுதான் இருக்கு. நடுவிரல் தடம் இல்ல. பிடிச்சவனுக்கு வலது கையில அந்த விரலே கிடையாது போல."

நான் வலது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டேன். பதினெட்டு வயதில், மில்லில் சேர்ந்த முதல் குளிர்காலத்தில், தகடு உருட்டுகிற இயந்திரம் என் வலது கை நடுவிரலை எடுத்துக்கொண்டது.

ஆல்வின் கோட்டுக் கையைக் கீழே இழுத்து மூடினான். சட்டை நுனியைச் சரிசெய்தான். வெளியே டோரீன் கும்பல் வரிசையில் நிற்கிற சத்தம் கேட்டது. எவ்வளவு அழகா இருக்காரு, தூங்கற மாதிரியே இருக்காரு என்று ஒருத்தி ஆரம்பித்துவிட்டாள்.

அடக்கம் முடிகிறவரை நான் வலது கையைக் கோட்டுப் பையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை.